பஸ்காரர் யோகேந்திராவின் இடுப்பு

பிஜித் தீவில் பா என்ற ஊருக்கும் நாடி என்ற ஊருக்கும் இடையே இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர் யோகேந்திரா. இரண்டாயிரத்தில் இந்தியர் தலைமையிலான ஆட்சியைக் கவிழ்த்த கலவரம் ஓய்ந்து சில மாதம்கூட ஆகவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி வலது தொடையில் இறங்கிக் கணுக்கால்வரை சுண்டி இழுத்தது. பிரேக்கை மிதிக்கிற கால்.

ஊரில் ஆளாளுக்கு வைத்தியர். எண்ணெய் தேய்க்கச் சொன்னவர் ஒருவர், ஆபரேஷன்தான் என்றவர்கள் நான்கு பேர். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிபோன தம்பி ஜிதேந்திரா போனில், "இடுப்ப வெட்டிச் சரிபண்ணிட்டு இங்க கிளம்பி வாண்ணே" என்றான். அப்படி வெட்டிக்கொண்ட சக டிரைவர் மகேந்திராவோ கம்பூன்றி நடந்தார். அவரைப் பார்த்த நாளிலிருந்து யோகேந்திராவுக்குச் சோறு இறங்கவில்லை. கால் போனால் பஸ் போச்சு. பஸ் இல்லாமல் தான் யார் என்று அவருக்குத் தெரியாது.

பக்கத்து நகரமான லௌதோகாவில் டாக்டர் அஞ்சீதா எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார்.

"முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற தட்டு கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. உங்க வயசுல பாதிப் பேருக்கு இருக்கும். கால்ல பலம் இருக்கு, அவசரமா வெட்ட ஒண்ணுமில்ல. உக்காருங்க அண்ணே."

யோகேந்திரா உட்கார்ந்தார். டாக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏன் ஒரு பக்கமா சாயுறீங்க? பின்பாக்கெட்டுல என்ன?"

யோகேந்திரா கூச்சத்தோடு உருவி மேசைமேல் வைத்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் போட்ட செங்கல் தடிமன் கட்டு. நான்கு பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரம், கரும்பு நிலத்துக் குத்தகைக் காகிதம், பிள்ளைகளின் சர்டிபிகேட். கலவரத்தில் இந்தியர் கடைகளைச் சூறையாடிய அன்று பாக்கெட்டில் போனது. ஓட வேண்டி வந்தால் எடுக்க நேரமிருக்காதே. அன்றுமுதல் தினம் பத்து மணி நேரம் அதன்மேல்தான் உட்கார்ந்து ஓட்டினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எங்கப்பா இன்னும் கதவுப் பக்கத்துல சூட்கேஸ் கட்டி வச்சிருக்காரு. இதை ஆறு வாரம் பாக்கெட்டுல வைக்காதீங்க, நான் காட்டுற பயிற்சியச் செய்ங்க. கால் மரத்துப்போனா, மூத்திரம் அடக்க முடியலேன்னா உடனே வாங்க. இல்லேன்னா ஆறு வாரம் கழிச்சு ஆபரேஷனப் பத்திப் பேசலாம்."

வீட்டில் மனைவி சுஷீலா அந்தக் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டாள். "மடியில கனமிருந்தா வழியில பயம்பாங்க. உங்களுக்குப் பயம் வந்து கனமாயிருச்சு" என்றாள்.

முதல் வாரம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை தானாகப் பின்னால் போனது. எங்கே வைத்தாய் என்று காலையும் மாலையும் அவளைக் கேட்டார். மூன்றாம் வாரம் வலி கணுக்காலை விட்டு முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. ஐந்தாம் வாரம் வலி தேடினாலும் அகப்படவில்லை.

ஆறு வாரம் முடிந்ததும், "ஆபரேஷன் வேணாம்" என்றார் டாக்டர். யோகேந்திரா வெட்கப்படாமல் அழுதார், பிறகு சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கட்டு இப்ப எங்க இருக்கு அண்ணே?"

சொல்ல வாயெடுத்தார். அரிசி டிரம்மா, துணிப் பெட்டியா? எத்தனையோ தடவை கேட்டுத் தெரிந்துகொண்டதுதான், இப்போது ஞாபகம் வரவில்லை.

"சுஷீலாவுக்குத் தெரியும்" என்றார்.