இரண்டு கையிலும் தம்ளர்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஸ்பெயினில், வலென்சியா நகரில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மதுரை விளாங்குடியில் இருந்தவரை தெருவில் நாலு பேரிடம் வாயாடாமல் எனக்குப் பொழுது போகாது. அங்கே போன முதல் ஆறு மாதமும் கல்லூரி, அறை, செல்போன், அவ்வளவுதான். பேச ஆளில்லாமல் வாயே துருப்பிடித்துவிடும் போல இருந்தது.

மார்ச் மாதம் அந்த ஊரில் திருவிழா. தெருவை அடைத்து, நடுரோட்டில் விறகு மூட்டி, அகலமான தட்டை வாணலியில் 'பயேயா' என்ற கறிச்சோற்றைத் தெருவுக்கே சமைப்பார்கள். கிட்டத்தட்ட நம் ஊர்க் கிடா விருந்துதான். என் கீழ்வீட்டில் குடியிருந்த பஸ் டிரைவர்தான் சமையல் தலைவர். அதுவரை மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. அன்று என் கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த ஊரில் என்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருப்பதிலேயே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கோழியும் அவரைக்காயும் வெந்து, அரிசியும் போட்டாயிற்று. எல்லோரும் மேசை தூக்கிவரக் கிளம்பியபோது, நாய் எதுவும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டிரைவரும் போனார். பொறுப்பாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் மூக்கில் அந்த வாடை ஏறியது. ஐயோ, சோறு அடிப்பிடிக்கிறது!

எங்கள் வீட்டில் அந்த வாடை வந்தால், குளித்துக்கொண்டிருப்பவர்கூட அடுப்படிக்கு ஓடிவர வேண்டும். அம்மாவின் சட்டம் அது. போதாக்குறைக்கு நான் பிறவி முந்திரிக்கொட்டை. கரண்டியை எடுத்து அடிவரை சுரண்டி, நன்றாகக் கிளறி, பக்கத்தில் இருந்த தண்ணீரையும் ஊற்றிவிட்டேன். முப்பது பேர் சோற்றைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை வேறு.

திரும்பி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பெண்மணி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அரிசி போட்ட பிறகு பயேயாவைக் கிளறவே கூடாதாம்! அடியில் பிடிக்கும் அந்தக் காந்தலுக்குத்தான் அங்கே போட்டியே. நான் அதைக் கஞ்சியாக்கி வைத்திருந்தேன். இனி யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று டிரைவர் கேட்டார். எங்கள் ஊரில் சோறு அடிப்பிடித்தால் சமைத்தவர் மானமே போய்விடும் என்று அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன். தெருவே சிரித்தது. சிலுவைக் குறி போட்டவருக்குத்தான் சிரிப்பு அடங்கவேயில்லை. ஓரத்தில் தப்பித்திருந்த ஒரு துண்டுக் காந்தலைப் பெயர்த்து என் வாயில் ஊட்டினார். மொறுமொறுவென்று அப்படியொரு ருசி!

அன்று போனில் அம்மாவிடம் சொன்னேன். "அடிப்பாவி, அம்புட்டுப் பேரு சோத்தையும் கெடுத்துட்டியா? இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுக முன்னாடி போவ?" என்றார்.

எனக்கும் அதே கவலைதான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம். டிரைவரேதான். மறுபடியும் சமையல், வா என்றார். இறங்கியதும் என் வலது கையில் ஒரு தம்ளர் பழச்சாறு கொடுத்தார், இடது கையில் இன்னொன்று. இரண்டும் எனக்கா என்று முழித்தேன். கரண்டி எடுக்க எனக்குக் கை மிச்சம் இருக்கக் கூடாதாம்! அதிலிருந்து ஊர் திரும்பும்வரை, ஒவ்வொரு சமையலுக்கும் எனக்கு இரண்டு தம்ளர். சாப்பிட்டு முடித்தும் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் அரட்டை அடிப்பது அவர்கள் வழக்கம். அதை எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

போன மாதம் விளாங்குடி வீட்டில் நானே பயேயா செய்தேன். வாடை வந்ததும் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, அவர் கைக்கொன்றாக இரண்டு தம்ளரைத் திணித்தேன். "என்னடி கூத்து இது, சோறு தீயுதுடி!" என்று கத்தியவர், பிறகு தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது துண்டுக் காந்தலுக்குக் கை நீட்டினார்.

விருந்தைக் கெடுத்தவளையே அடுத்த வாரம் தேடிவந்து கூப்பிட்டார்களே, அந்தக் கதவு தட்டும் சத்தத்தை மறக்க முடியாததால்தான், எங்கள் தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நானே போய் அவர்கள் கதவைத் தட்டுகிறேன்.