நான் ஃபாரினர் இல்லையாம்!

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு ஜோகுபாளையத்தில் நடந்தது இது. நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில். கல்யாணமாகி, கணவரின் ஊரான பெங்களூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் தொழில். பிரேசர் டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில், தமிழும் இங்கிலீஷும் தெரிந்தவள் என்று என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஆனால் என் கையில் இருப்பது மலேசிய பாஸ்போர்ட். இந்தியரைக் கட்டிக்கொண்டாலும், இங்கே வேலை பார்க்க அரசாங்க அனுமதி வேண்டும். மாதக் கடைசிக்குள் அது வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கிளினிக்கில் பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆன்லைனில் விண்ணப்பித்து, கேட்டதையெல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பியாயிற்று. இனி லோக்கல் போலீஸ் வந்து, கொடுத்த முகவரியில்தான் நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டால் போதும். கதவைப் பார்த்தபடியே பல நாள் வீட்டுக்குள் கிடந்தேன். காய் வாங்க அல்சூர் மார்க்கெட்டுக்குப் போன அன்றுதான் வந்திருக்கிறார்கள்.

எதிர் வீட்டு அக்கா வாசலிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணில் படாமல் ஒரு பூனைகூடத் தெருவுக்குள் வர முடியாது. வந்த புதிதில் நான் அவரிடம், "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லித் தெருவையே சிரிக்க வைத்தவர். காலை டிபன் ஆயிற்றா என்பதை மலேசியாவில் நாங்கள் அப்படித்தான் கேட்போம். கொஞ்ச நாளில் அவரும் தினமும் என்னை அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று பையோடு திரும்பியவளைக் கூப்பிட்டு, பெருமையாகச் சொன்னார்:

"போலீஸ் வந்துச்சும்மா. யாரோ ஃபாரின் லேடி இங்க இருக்காளாம். பேரு இத்தனை நீளம் படிச்சாரு. இந்தத் தெருவுல ஃபாரினரே கிடையாது சார், எனக்குத் தெரியாம யாரு வருவான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

காய்ப் பையைக் கீழே வைத்தேன். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்து முழ நீளத்துக்கு இருக்கும். தெருவில் எல்லோருக்கும் செல்லப் பெயர்தான் தெரியும். பழைய நம்பர், புது நம்பர் என்று கதவிலக்கத்திலும் குழப்பம். அந்தக் கான்ஸ்டபிள் வேறு யாரைக் கேட்பார், பாவம்!

"அக்கா, அந்த ஃபாரினர் நான்தான்."

"நீயா? நீ தமிழ்ப் பொண்ணும்மா! மலேசியால இருந்து வந்தா ஃபாரினர் ஆயிடுவியா?"

விஷயத்தை விளக்கியதும் அவர் முகம் செத்துவிட்டது. எனக்கு அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, அழுகைதான் வந்தது.

மறுநாள் காலையில், தைக்க வேண்டிய துணிகளையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம். அதே கான்ஸ்டபிள் இருந்தார். அப்படி யாரும் அங்கே இல்லை என்று எழுதிவிட்டதாகவும், அன்றைக்கே மேலே அனுப்பப்போவதாகவும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டார்.

"சார், இவ்ளு நம் ஹுடுகி சார்! ஃபாரினர் அல்ல!"

நம்ம பொண்ணாம், ஃபாரினரே இல்லையாம். காப்பாற்ற வந்தவர் குழியை இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஃபாரினர் இல்லையென்றால் இவளுக்கு எதற்கு அனுமதி என்று கேட்டார். நியாயமான கேள்விதானே.

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அக்கா, ஒரே ஒரு தடவை என்னை ஃபாரினர்னு சொல்லுங்கக்கா."

அக்கா என்னைப் பார்த்தார், கான்ஸ்டபிளைப் பார்த்தார். முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். கடைசியில் கண்ணெல்லாம் கலங்கி, மெல்லிய குரலில், "ஹௌது சார், ஃபாரினர்தான்" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா நம்ம ஃபாரினர்" என்று சேர்த்துக்கொண்டார்.

கான்ஸ்டபிள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். அன்று மதியமே வீட்டுக்கு வந்து பார்த்து, எழுதியதைத் திருத்தினார். சாட்சிக் கையெழுத்து அக்காவுடையது. மாதம் முடிவதற்குள் அனுமதி வந்துவிட்டது. முதல் நாள் வேலைக்குப் போக நான் போட்டுக்கொண்ட சுடிதார்கூட அக்கா தைத்ததுதான்.

அனுமதியைப் புதுப்பிக்கும் சமயம் போலீஸ் வந்தால், இப்போது அக்காவே மெஷினை நிறுத்திவிட்டு, "ஃபாரினர் வீடுதானே? வாங்க சார்" என்று மாடிவரைக்கும் கூட்டி வருகிறார். பின்னாலேயே காபியும் வரும்.

விண்ணப்பத்தில் 'வெளிநாட்டவர்' என்று இருக்கும் இடத்தில் முன்பெல்லாம் எனக்கு மனசு சுருங்கும். இப்போது அந்த இடம் வந்தாலே, அந்த ஒரு வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்ல மனம் வராமல், பட்டுப்புடவையோடு ஸ்டேஷனில் தவித்து நின்ற அக்காதான் கண்முன் வருகிறார்; நான் தாராளமாக டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறேன்.