பெரட்டுக் களத்தில் ஒரு ஜோடி பூட்ஸ்

எங்கள் ஊரில் ஒருவன் வாயிலிருந்து புகை வந்தால் அவன் பீடி குடிக்கிறான் என்று பொருள். கேமரன் மலைக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் லயத்து வாசலில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், நின்று கொட்டாவி விட்டேன். பீடி இல்லாமலே புகை வந்தது. வயிற்றுக்குள் ஏதோ பற்றிக்கொண்டுவிட்டது என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு பார்த்தால் பக்கத்து வீட்டு அம்மா வாயில் புகை, அவள் இடுப்பிலிருந்த கைக்குழந்தை வாயில் புகை, கொட்டகை மாட்டின் மூக்கில் புகை. ராமநாதபுரத்துக்காரனுக்கு இது மூளைக்கு எட்ட ஒரு வாரம் பிடித்தது. ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்றைக்கும் காலையில் ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன். இந்த நாட்டில் எனக்கு ஓசியில் கிடைத்த ஒரே வேடிக்கை அது. ஆனால் நான் எழுத வந்தது வாயைப் பற்றியல்ல, காலைப் பற்றி.

ஊரில் இருக்கும் உங்களுக்குப் பெரட்டு என்றால் தெரியாது. வெளுக்கும் முன்னே தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னாலுள்ள களத்தில் வரிசை கட்டி நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவார். பேர் விழுந்தால் அன்றைக்கு வேலை. தாமதமாகப் போனால் வந்த வழியே வீடு. லயத்திலிருந்து களத்துக்கு ஒரே செம்மண் சரிவு. இரவெல்லாம் பெய்த பனியில் அது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். செருப்புப் போட்டால் செருப்பு முன்னே போகும், நாம் பின்னே போவோம். அதனால் மணி அடித்ததும் ஆணும் பெண்ணும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவோம். தை மாதக் குளிரில் அந்த மண் காலைத் தொடாது, கடிக்கும். முதலில் விரல் வலிக்கும், பிறகு மரத்துப்போகும், பிறகு யாருடைய காலோ நம் இடுப்புக்குக் கீழே ஓடுவதுபோல இருக்கும். செருப்பு வைத்திருந்தவர்களும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, களத்து ஓரத்து வடிகாலுக்கு அப்பால் விட்டுவிட்டுத்தான் வரிசைக்கு வருவார்கள். ஏனென்று கேட்டேன். "தொரை வர்ற எடம்லா" என்றார்கள். துரை என்றால் தோட்டத்து மேனேஜர். கோயில் மாதிரியா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் ஒரு தெரு உண்டு. எங்கள் ஆட்கள் அந்தத் தெருமுனையில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த முனை வரைக்கும் போக வேண்டும். சித்திரை வெயிலில் மணல் கொதிக்கும். நடந்தால் வெந்துவிடும் என்று ஓடுவோம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள், "பயலுக மருவாதியப் பாரு, ஓட்டமா ஓடுறானுக" என்பார்கள். சுட்டதனால் ஓடினோமய்யா! அந்த ஒரு தெருவுக்காகத்தான் மாமாவின் காலைப் பிடித்துக் கப்பலேறினேன் என்று சொன்னால் மிகையில்லை. கப்பலேறும் முன் மதராஸில் ஒரு தோல் ஷூவும் வாங்கினேன். இறங்கும் நாட்டில் நெஞ்சை நிமிர்த்தி டக்டக்கென்று நடக்கப்போகிறேன் என்று கனவு. கடல் தாண்டி, பினாங்கில் இறங்கி, தாப்பாவிலிருந்து லோரியில் வாந்தி எடுத்தபடி மலையேறி வந்து பார்த்தால், அதே தெரு எனக்கு முன்னமே கப்பலேறி வந்து இங்கே குளிரில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே சூடு, இங்கே குளிர், அவ்வளவுதான் வித்தியாசம். ஷூ பெட்டிக்குள் போயிற்று. என்னிடம் இருந்தது சிவப்பு ஐசி, வெளிநாட்டானுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவன் வாயைத் திறந்தால் புகை மட்டும்தான் வர வேண்டும்.

இப்படியே நெஞ்சு எரிந்துகொண்டு கால் விறைத்துக்கொண்டு ஆண்டுகள் போயின. இங்கேயே பிறந்த சரோஜாவைக் கட்டினேன். கொழுந்து பறிப்பதில் அவள் கை ஓடுவதைப் பார்த்தால் எனக்கு மூச்சு வாங்கும். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம், அவளுக்குக் கால்விரலிடுக்கில் வந்த சேற்றுப்புண் தை பிறந்தும் ஆறவேயில்லை. வேப்பெண்ணெய், மஞ்சள், எல்லாம் பார்த்தோம். சுண்டுவிரல் கறுத்துவிட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் காலைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். காலில் ஈரம் படக்கூடாது, பூட்ஸ் இல்லாமல் மண்ணில் நிற்கக்கூடாது, மீறினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அன்றைக்கே கடையில் ரப்பர் பூட்ஸ் வாங்கினோம். மறுநாள் சரோஜா அதைப் போட்டுக்கொண்டு, அடி பார்த்து அடி வைத்து இறங்கி, நேரத்துக்குப் பெரட்டுக்குப் போய் நின்றாள்.

கங்காணி அவள் பேரைக் கூப்பிடாமல் அவள் காலைக் கூப்பிட்டார். "என்னா சரோஜா, காலுல என்னா?"

"பூட்ஸு."

"அது எனக்குத் தெரியாதா? கழட்டி வடிகாலுக்கு அந்தாண்ட வச்சிட்டு வா. தொரை வர்ற நேரம்."

"டாக்டரு கழட்டக் கூடாதுன்னிருக்காரு கங்காணி. வெரலு போயிடும்."

"டாக்டரா இங்க பேரு கூப்புடறாரு? கழட்டு, இல்லாட்டி வீட்டுக்குப் போ."

அவள் வீட்டுக்குப் போனாள். கங்காணி காலில் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் இருந்ததை நான் மட்டுமல்ல, வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தோம். பத்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலையில் வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டே சரோஜா சொன்னாள்: "நாளைக்கும் போட்டுக்கிட்டுத்தான் போவேன். நாளன்னிக்கும். அவரு எத்தன நாளு அனுப்புவாரு, பாக்கலாம்." அன்று இரவு நான் பெட்டியைத் திறந்து மதராஸ் ஷூவை எடுத்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். தோல் காய்ந்து அப்பளமாகியிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரன் கதையைச் சொல்லியாக வேண்டும். துரை பங்களாவுக்கு விருந்தாளியாக வந்தவன். மூன்று நாளாக அதிகாலையில் அரைக்கால் சட்டையோடு வெறுங்காலில் லயத்து வழியாக ஓடிக்கொண்டிருந்தான். விலையுயர்ந்த ஷூவை நாடாவால் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். லயமே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. ஷூ இருந்தும் ஒருவன் வெறுங்காலில் ஓடுகிறான் என்றால் எங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். தைப்பூசம் வருகிற தை மாதம் வேறு.

"பாவம், பொஞ்சாதிக்கு மேலுக்கு முடியல போல. ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டு ஓடுறான்" என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா.

"வெள்ளக்காரனுக்கு ஏதுக்கா ஆத்தா?" என்றேன்.

"ஏன், அவனுக்கு அம்ம போடாதா?"

இதற்குமேல் என்ன வாதாட முடியும்? சரோஜாவைத் திருப்பி அனுப்பியதற்கு மறுநாள் அவன் வருகிற சத்தம் கேட்டதும் அக்கா வாசலில் மறித்து, காவடிக்காரனுக்கு ஊற்றுகிற மாதிரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவன் காலில் ஊற்றிவிட்டாள். அந்தக் குளிரில் அவன் போட்ட கூச்சல் ரிங்லெட் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அக்கா கண்ணை மூடிக் கும்பிடுவதைப் பார்த்ததும் சட்டென்று அவனும் கும்பிட்டான். பிறகு பல் தெரியச் சிரித்து, "வொண்டர்ஃபுல்!" என்று கத்திக்கொண்டு, மஞ்சள் கால்களோடு எங்கள் கூட்டத்துக்கு நடுவிலேயே பெரட்டுக்கு ஓடி வந்துவிட்டான்.

சரோஜா பூட்ஸோடு முன்னாடியே போய் வரிசையில் நின்றுவிட்டாள். நான் மதராஸ் ஷூவோடு பின்னால் வந்தேன். என் திட்டம் எளியது: கம்பீரமாக நடந்துபோய் அவள் பக்கத்தில் நிற்பது, கங்காணி கேட்டால் ஒரு வசனம் பேசுவது. வசனத்தை இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். களத்து ஓரத்தில் ஷூவின் அடித்தோல் செம்மண்ணில் பட்டது. அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை, காலிலும் இல்லை. இரண்டு காலும் பின்னால் போக, நான் குப்புறச் சறுக்கிக்கொண்டே போய், அப்போதுதான் ஆபீஸ் படியிறங்கிய துரையின் பூட்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் கை இரண்டையும் முன்னால் நீட்டியபடி நின்றேன், அதாவது கிடந்தேன்.

துரை பதறிவிட்டார். வெள்ளைக்காரத் துரைகள் போன பிறகு வந்த உள்ளூர்க்காரர், பெரிய படிப்பு. "சுடா, சுடா, பாங்குன்" என்றார். போதும் போதும், எழுந்திரு என்று அர்த்தம். நான் ஏதோ கருணை கேட்டுக் காலில் விழுந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்! வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எதிர்ப்பைக் காட்டப் போனேன். அது சாஷ்டாங்க நமஸ்காரமாகிவிட்டது. மஞ்சள்கால் வெள்ளைக்காரன் ஓடிவந்து தூக்கிவிட்டான். அடித்தோல் பிய்ந்து நாக்கு மாதிரி தொங்கிய என் ஷூவைக் காட்டித் தலையாட்டினான். "ஷூஸ் நோ குட். பேர்ஃபுட், வெரி குட்!" என்று தன் காலையும் வரிசையிலிருந்த எல்லார் காலையும் காட்டினான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, "நோ சார். கோல்ட், சார்" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "யெஸ்! கோல்ட்! குட் ஃபார் பிளட்!" என்று என் தோளைத் தட்டினான். அடப் பாவி, நீ குளிரை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறாய், நாங்கள் அதிலேயே குடியிருக்கிறோம் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. மூக்கிலிருந்து செம்மண் ஒழுகிக்கொண்டிருந்த ஒருவன் எவ்வளவு கோபப்பட முடியுமோ அவ்வளவும் பட்டேன்.

இந்தக் கூத்தில் தன்னை மறந்திருந்த கங்காணிக்குச் சரோஜாவின் பூட்ஸ் மறுபடி கண்ணில் பட்டது. துரை முன்னால் அல்லவா, குரலைப் பெரிதாக்கினார். "நேத்தே சொன்னேன்லா? மொதல்ல அதக் கழட்டு! மருவாதி தெரியாத பொம்பள!"

சரோஜா அசையவில்லை. "நீங்க மொதல்ல கழட்டுங்க கங்காணி. மருவாதி எல்லாருக்கும் ஒண்ணுதான? நீங்க கழட்டுனா நானும் கழட்டுறேன்."

அஞ்சலை அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு பின்வரிசையில் ஒருவன் "கழட்டுங்க கங்காணி, குட் ஃபார் பிளட்!" என்றான். அவ்வளவுதான், களமே சிரித்தது. ஒன்றும் புரியாத வெள்ளைக்காரனும் சேர்ந்து சிரித்தான். துரை என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். கங்காணி பூட்ஸைக் காட்டித் தட்டுத்தடுமாறிச் சொன்னார். துரை வரிசை முழுக்க எங்கள் கால்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "கழற்றச் சொல்லி யார் சொன்னது? நான் சொன்னேனா? உங்கள் வழக்கம், உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றல்லவா நினைத்தேன்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். இவர் சொல்லவில்லை. இவருக்கு முந்தியவர் சொன்னாரா, தெரியாது. கங்காணிக்கு அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. அந்த அப்பாவுக்கு எவனோ. கேட்க ஆளில்லாத ஒரு மரியாதையை, பனியில் காலை விறைக்கவைத்து, நாங்களே தினமும் செலுத்திக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்காகத் துரையை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கேட்கவில்லை, சரி. ஒவ்வொரு காலையும் படியில் நின்று பார்த்தீர்களே ஐயா, அத்தனை வெறுங்காலும் குளிரில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதை? பிடித்திருக்கிறது என்று எந்தக் கால் உங்களிடம் சொன்னது?

கங்காணி எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடித்து, கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சரோஜா பேரைக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்றாள். அந்த ஆண்டுக் குளிர் விடுவதற்குள் அவள் புண் ஆறிவிட்டது. சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். ஆனால் அவளுடன்தான் இருக்கிறது. அடுத்த வாரம் அஞ்சலை அக்கா சிலிப்பரோடு வந்து நின்றாள். பிறகு ஒவ்வொருவராக. வயதானவர்கள் சிலர் மட்டும் கடைசி வரைக்கும் வடிகாலோரம் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள்; எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சரோஜாவுக்குப் பூட்ஸுக்காரி என்று பேர் வந்தது. எனக்குச் சாஷ்டாங்கம் என்று வந்தது. என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பேர் போய்விட்டது.

நான் சறுக்கி விழுந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை எனக்கும் பூட்ஸ் வாங்க வேண்டும் என்று சரோஜா தானா ராத்தாவுக்கு இழுத்துப் போனாள். கடைத் தவுக்கே, சீன முதலாளி, என்ன சைஸ் என்று மலாயில் கேட்டார். எனக்கென்ன தெரியும்? மதராஸில் காலைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிட்டான். தவுக்கே முக்காலியில் உட்காரவைத்து அளவுக் கட்டையை வைத்துப் பார்த்தார். வலது கால் எட்டு. இடது கால் ஏழு. கட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். அதே எட்டு, அதே ஏழு. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது ரெண்டும் ஒரே ஆளு காலா-லா?" என்று தமிழிலேயே கேட்டார். சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். எட்டை வாங்கிக்கொண்டோம். வலது கால் அதில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இடது கால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கிறது. துணி திணித்துப் பார்த்தேன், இரண்டு காலுறை போட்டுப் பார்த்தேன். அது இன்னும் நிற்கவில்லை.