ஜெபகனி எடுக்காத போன்

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஜெபகனியைத் தெரியாத பிள்ளை பெற்ற வீடே கிடையாது. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர். சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தரையில் கால் நீட்டி உட்காருவாள். பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டு, காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்தால், வீறிட்டு அழுத பிள்ளைகூடக் கொஞ்ச நேரத்தில் கண் சொக்கிவிடும். பிறந்தது பீடிக்குப் பேர்போன முக்கூடலில். பீடி சுற்றப் பொறுமை இல்லாமல் இந்த வேலைக்கு வந்தவள். "எலையவிட பிள்ள மேலு. வைதாலும் சிரிக்கும்லா" என்பாள்.

வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள், தொண்ணூற்று நான்கில்தான் ஒரே வீட்டில் நாள் முழுக்க இருக்க ஒப்புக்கொண்டாள். ஸ்ரீலக்ஷ்மி டீச்சருக்குப் பிரசவ லீவு முடிந்துவிட்டது. கணவர் ஹரிநாராயணன் காலையில் பேங்குக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பிள்ளை பத்மப்ரியா அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். முதலில் வைத்திருந்த பெண் ஒரு நாள் போனில் தோழியோடு பேசிக்கொண்டே நிற்க, பிள்ளை தவழ்ந்துபோய் அம்மியில் முட்டிக்கொண்டது. புருவத்துக்கு மேலே இன்னும் தழும்பு இருந்தது. அந்தப் பெண் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பப்பட்டாள்.

அந்த வீட்டுப் போனைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுதிப்போட்டு, வருஷக்கணக்கில் காத்துக் கிடந்து வந்த போன் அது. அதற்குத் தனி ஸ்டூல், பின்னல் துணியில் ஒரு சட்டை, டயலில் ஒரு குட்டிப் பூட்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஜெபகனி வந்த முதல் நாளே டீச்சர் சட்டம் போட்டுவிட்டாள்.

"உங்க சொந்தப் பேச்சுக்கெல்லாம் இந்தப் போன் கிடையாது, ஜெபகனியம்மா. ஆனா நான் ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டா உடனே எடுத்துடணும். இல்லேன்னா எனக்குப் பாடமே நடத்த ஓடாது."

"நியாயந்தான் டீச்சர். அடிச்ச மறு நிமிசம் எடுத்திருதேன்" என்று ஜெபகனியும் தலையாட்டினாள்.

நியாயமான சட்டம்தான், யார் இல்லையென்றது? ஆனால் பிள்ளையை எப்போது குளிப்பாட்டுவாய் என்று சட்டம் போட்டவள் கேட்கவில்லை. தலையாட்டியவளும் சொல்லவில்லை. டீச்சர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிடுவாள் என்பதால் இந்த ஓட்டை யார் கண்ணிலும் படாமலே இருந்தது.

இன்னொரு காரியம் ஜெபகனியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவளுடைய ஒரே மகன் ஜெனிஸ்டன் துபாய்க்கு வெல்டிங் வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கடிதம் வரும், தைலமும் சோப்பும் வரும். குரல் மட்டும் வரவில்லை. அவனோடு ஒரே அறையில் தங்கும் காயல்பட்டினத்துக்காரன் அசன் மைதீன் லீவில் வந்தபோது அவளைப் பார்க்க வந்தான். "ஒரு போன் நம்பர் இருந்தா குடுங்கம்மா. வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு லீவு. அன்னைக்குக் கண்டிப்பாக் கூப்பிடுவான்" என்றான். ஜெபகனிக்குத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டீச்சரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். இன்றைக்குத் தலைவலி என்கிறாளே, நாளைக்குக் கேட்போம் என்று தள்ளினாள். அடுத்த நாள் டீச்சர் பரீட்சைத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். இப்படியே நாள் போயிற்று. அசன் மைதீனும் துபாய் திரும்பிவிட்டான்.

பெண்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல் செவ்வாயும் வெள்ளியும். அது எந்த வீட்டிலும் மாறாது. அந்த வெள்ளிக்கிழமை காலையும் ஜெபகனி குளியலறையில் கால் நீட்டி உட்கார்ந்து, பத்மப்ரியாவை உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெயில் ஊறவைத்திருந்தாள். பிள்ளை கெண்டை மீனாக வழுக்கியது. அப்போது கூடத்தில் போன் அடித்தது.

டீச்சர் ஒருநாளும் இந்த நேரத்தில் கூப்பிட்டதில்லை. அப்படியானால் ஜெனிஸ்டன்தான். ஜெபகனியின் உடம்பு ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தது. எண்ணெய்க் கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கை நழுவும். ஈரத்தரையில் விட்டுவிட்டுப் போனால் புரண்டு மண்டையில் அடிபடும். டீச்சராகவே இருந்தால் எடுக்காதது குற்றம், மகனாக இருந்தால் எடுப்பது குற்றம். ஆனால் சட்டம் கிடக்கட்டும், ஒரு வருஷமாகக் கேட்காத குரலல்லவா கூடத்தில் நின்று கூப்பிடுகிறது!

"அடிக்கட்டும் தாயீ, அடிக்கட்டும். நீ பைய காலை நீட்டு" என்று பிள்ளையிடம் சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. எண்ணெய் பட்டதால் அல்ல, அழுகைதான்.

போன் ஓய்ந்தது. வெந்நீர் ஊற்றும்போது மறுபடி அடித்தது. கண்ணில் விழாமல் சீயக்காயை வழித்துவிடும்போது இன்னொரு தரம் அடித்தது. ஜெபகனி எழுந்திருக்கவில்லை. பிள்ளையைத் துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டித் தொட்டிலில் போட்டுவிட்டு அவள் கூடத்துக்கு வந்தபோது போன் ஊமையாக உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. டீச்சர் செருப்போடு உள்ளே ஓடிவந்து தொட்டிலைப் பார்த்தாள். பிள்ளை அயர்ந்து தூங்கியது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது, மூச்சோடு கோபமும் வந்தது.

"ஏன் எடுக்கலை? க்ளாஸ் இல்லையேன்னு கூப்பிட்டா அடிச்சிண்டே இருக்கு! உயிரே போயிடுத்து எனக்கு. பர்மிஷன் சொல்லிட்டு ஓடி வரேன்."

"பிள்ளைக்கு எண்ணெய் தேச்சிருந்தேன் டீச்சர். எந்திரிக்க முடியல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை. "மொதல்ல அடிச்சது எம்பையனா இருக்கும்னு நெனைக்கேன். ஒங்களக் கேக்காம நம்பரக் குடுத்துட்டேன். துபாயில இருக்கான்."

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? முதல் நாளே சொன்னேன் இல்லையா?"

"தப்புதான். உப்பைத் தின்னவ தண்ணி குடிக்கத்தான் செய்யணும். நீங்க போன்னு சொன்னா போயிருதேன்."

டீச்சர் போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முந்தின பெண்ணை அனுப்பிய வாய்தானே. அதற்குள் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"ஹலோ... ஆமா, ஹரிநாராயணன் வீடுதான்... யாரு?" கொஞ்சம் கேட்டாள். முகம் தணிந்தது. அடிக்கிற போனை யாரும் எடுக்காவிட்டால் கூப்பிட்டவர் பாடு என்ன ஆகும் என்பது சற்றுமுன்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. ரிசீவரை நீட்டினாள். "உங்க பையன். பயந்து போயிருக்கான்."

ஜெபகனி இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எம்மா... ஏம்மா எடுக்கல? எத்தன மட்டம் அடிச்சேன் தெரியுமா? ஒனக்கு மேலுக்குச் சொகமில்லையோன்னு நெனைச்சிட்டேன்."

குரல் தடித்திருந்தது. போகும்போது இருந்த குரல் இல்லை. ஆனாலும் அவன்தான்.

"நல்லாத்தாம்லே இருக்கேன். பிள்ள கால்ல கெடந்துச்சு. எப்படிலே எந்திரிக்க?"

"நான்தான் கூப்பிடுதேன்னு தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது. நீ எங்கால்ல கெடந்தப்ப ஒங்கப்பா வாசல்ல நின்னு தொண்ட கிழியக் கத்துவாவ. ஒருநாளாவது எந்திரிச்சிருப்பனாலே?"

 வெல்டிங் வேலை பார்க்கிற பெரிய ஆண்பிள்ளை மூக்கை உறிஞ்சும் சத்தம் ரிசீவரைத் தாண்டிக் கூடத்தில் கேட்டது. டீச்சர் தொட்டிலுக்குப் போய், தூங்குகிற பிள்ளையை எதற்கோ தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க பையனை வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிடச் சொல்லுங்க, குழந்தை தூங்கற நேரமா" என்றாள். "காலைல வேண்டாம். நானும் கூப்பிடலை."

அதை ஜெபகனி ரிசீவரில், போனே இல்லாவிட்டாலும் துபாய்க்குக் கேட்கிற மாதிரி, கத்திச் சொன்னாள்.