சாயாவில் கலந்தது

காலையில் வீட்டில் மூன்று பேர்தான் இருந்தோம்: நான், மாமியார், மூன்று வாரமாக மனநோய் மாத்திரையைத் துப்பிவிடும் என் கணவர். அடுக்களையில் மாமியார் எதையோ நசுக்கும் சத்தம் கேட்டது.

சிறுவயதில் கேட்ட சத்தம் அது. அப்பா தம்ளரின் அடியால் அம்மாவின் மனநோய் மாத்திரையை நசுக்கி அவளுடைய கருப்பட்டிச் சாயாவில் கலக்குவார். அது என்ன சத்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கருப்பட்டி மணத்துக்குள் லேசாகக் கசக்கும்.

"இதில என்னவோ கெடக்கு. நீ முதல்ல குடி மக்ளே," என்று அம்மா பாதியை எனக்குத் தருவாள். ஊரே அதைச் சந்தேகக் கோட்டி, பைத்தியம் என்றது. நான் குடித்துவிட்டு வகுப்பில் தூங்கி விழுவேன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு ஒருநாள் அப்பா கலக்குவதைப் பார்த்து அம்மாவிடம் சொன்னேன். அதன்பின் அவள் யார் கையாலும் எதையும் வாங்கிக் குடிக்கவில்லை.

நான் அடுக்களைக்குள் போனபோது மாமியார் மாத்திரைப் பொடியைக் கணவரின் சாயாவில் கலக்கிக்கொண்டிருந்தார். "வேண்டாம் மாமி."

"சொன்னா குடிக்க மாட்டாம்லா. அவனுக்குச் சொகமாவாண்டாமா?"

அந்தச் சாயாவைக் கொட்டினேன். வேறு போட்டு, மாத்திரை அட்டையோடு கணவர் முன்னால் வைத்தேன்.

"சாயா இது, மாத்திரை இது. ரெண்டும் தனித்தனி."

அவர் தம்ளரை என் பக்கம் தள்ளினார். "நீ முதல்ல குடி."

குடித்தேன். மிச்சத்தை அவர் குடித்தார். மாத்திரையைத் தொடவில்லை.

"இதத் தின்னா நாள் முழுக்க ஒறக்கந்தான். வேற உண்டான்னு டாக்டர்ட்ட நானே கேக்கேன். நீயும் வா."

உடனே கிளம்பினோம். மாமியார் மறுபடி நசுக்கிவிடுவாரோ என்று மாத்திரை அட்டையை வீட்டில் விட்டுவைக்க மனம் வரவில்லை. என் பையில் போட்டுக்கொண்டேன்.