திருப்பிச் சொல்லிவிட்டு மறுத்தவர்

கிரேன் கேபினில் இருப்பவனுக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். அதனால் துறைமுகத்தில் ஒரு வழக்கம். ஃபோர்மேன் வாக்கி டாக்கியில் "ஸ்லோவாத் தூக்கு" என்றால், ஆப்பரேட்டர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "கரெக்ட்" என்ற பிறகுதான் லீவரில் கை வைக்கலாம். ஸ்டாப்புக்கு மட்டும் முதலில் கை, பிறகுதான் வாய். இந்த வழக்கம் கிரேனுக்கு மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன ஆடியில் காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றும் வேலை. மேற்கிலிருந்து கச்சான் காற்று பேயாட்டம் ஆடியது. கேபினில் நான். இறக்கை சுழன்றுவிடாமல் கீழே கயிறு பிடிப்பவர்களில் என் தங்கை மாப்பிள்ளை சேவியரும் ஒருவன். முந்தின மாலை எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஃபோர்மேன் அருள்ராஜ் அண்ணாச்சி எழுதினார்: "நாளைக்குப் பகல் ஷிப்ட்ல இறக்கை லிஃப்ட். காத்துக்குப் பயந்தா தூத்துக்குடியில வேலை பாக்க முடியாது."

புதிதாக வந்திருந்த சேஃப்டி ஆபீசர் மும்தாஜ், காயல்பட்டினத்துக்காரர், "வேண்டாம் அண்ணாச்சி. காத்து குறையட்டும், நாளை மறுநாள் பாப்போம்" என்று போட்டார்.

அவ்வளவுதான், குரூப் பற்றிக்கொண்டது. "ஏசி ரூம்ல இருந்துகிட்டு காத்தைப் பத்திப் பாடம் எடுக்காவ" என்றான் ஒருவன். மும்தாஜுக்குப் பரிந்து வந்தவன் அண்ணாச்சியின் வயதை இழுத்தான். காற்றைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. இதில் ஜெயிப்பவர் சொல்படிதான், சேவியரைக் கீழே வைத்துக்கொண்டு நான் இறக்கையைத் தூக்கியாக வேண்டும்.

மும்தாஜ் அண்ணாச்சிக்கு மட்டும் எழுதினார்: "அண்ணாச்சி, நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க. ஆடியில காத்து நிக்கவே நிக்காது. ஒரு நாள் தள்ளினாலும் இதே காத்துதான். அதனால ஜாக்கிரதையா நாளைக்கே தூக்கணும். இதுதானே?"

அண்ணாச்சி 'டைப்பிங்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"கரெக்ட்."

இத்தனை ஏச்சு வாங்கிய பிறகு ஒரு மனுஷிக்கு இது எப்படித் தோன்றியது?

மும்தாஜ் தொடர்ந்தார்: "நாளை மறுநாள் குறையும்னு நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிடுதேன். ஒண்ணு மட்டும் ஒத்துப்போக முடியல. காத்து மீட்டர் காட்டுறது சராசரிதான். திடீர்னு வீசுற வீச்சுதான் கயித்தை ஆள் கையில இருந்து பிடுங்கும். பகல்ல அது ஜாஸ்தி. விடியும்போதே தூக்கினா என்ன?"

அண்ணாச்சி சீறப்போகிறார் என்று பார்த்திருந்தேன். வந்தது இது: "இப்ப நான் திருப்பிச் சொல்லுதேன் மேடம். பகல் வேண்டாம். விடியும்போது லிஃப்ட். வீச்சு வந்தா ஸ்டாப். சரியா?"

"கரெக்ட் அண்ணாச்சி."

விடியலில் இறக்கைகள் சமர்த்தாக ஏறின. கடைசி இறக்கை ட்ரெய்லரை விட்டு எழும்பியபோது வாக்கி அலறியது. "ஸ்டாப். கீழ இறக்கு. மேடம் சொன்ன காத்து வந்துட்டு."

நிறுத்தினேன். "ஸ்டாப். கீழே இறக்கு" என்று திருப்பிச் சொன்னேன்.

"ஏலே, மேடம் சொன்னதையும் சேத்துச் சொல்லுலே."

சேர்த்துச் சொன்னேன். "கரெக்ட்" என்றார். இறக்கையை ட்ரெய்லரில் பழையபடி படுக்கவைத்த பிறகுதான் லீவரிலிருந்து கையை எடுத்தேன். கீழே சேவியர் தொளதொளத்த கயிற்றோடு என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போதெல்லாம் எந்தக் குரூப்பிலும் ஒருவரை மறுக்கும் முன், அவரே "கரெக்ட்" என்னும்படி அவர் பேச்சை முதலில் எழுதிப் பார்க்கிறேன். பாதி தடவை, எழுதி முடிக்கும்போது மறுக்க ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.