கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரம்

தொண்ணூறுகளில் பீளமேட்டில் யாரிடம் நலம் விசாரித்தாலும், “நிக்க நேரமில்லீங்க” என்றுதான் பதில் வரும். அதைச் சொல்வதில் எல்லோருக்கும் ஒரு பெருமை. எனக்கும்தான். இரண்டு லேத் போட்டு, பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கிறவனுக்கு எங்கள் பக்கம் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை கரண்ட் இருக்காது. லேத் நின்றுவிடும். டர்னர் வேலை பார்த்தவர் துண்டை விரித்து வேப்பமரத்தடியில் படுத்துவிடுவார். நான் மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு ஒரு பெரிய வரைதாளை விரிப்பேன்.

நானே செய்து விற்க நினைத்த பம்பின் படம் அது. அவிநாசிப் பக்கம் என் மனைவியின் அண்ணன் தோட்டத்தில் வோல்டேஜ் இறங்கினால் போதும், மோட்டார் புகைந்துவிடும். வெங்காயம் காய்ந்து அவர் நொந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தின் இதழ்களைச் சரியான வளைவில் அமைத்துவிட்டால் மோட்டாருக்குப் பாரம் குறையும். முதல் பம்ப் உங்களுக்குத்தான் மச்சான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வளைவை வரைவதும் அழிப்பதுமாக இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. நான்கு மணிக்கு லேத் உறுமினால் எரிச்சலாக வரும்.

பாதிக்கு மேல் முடிந்திருந்த சமயத்தில்தான் நான் புத்திசாலியானேன். தினமும் இரண்டு மணி நேரம் வீணாகிறதே என்று, அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வாங்கியதைப் பார்த்து, ஈரோட்டில் மூடிய மில் ஒன்றிலிருந்து ஒரு பழைய டீசல் ஜெனரேட்டரை வாங்கி வந்தேன். பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து ஓட்டிவிட்டோம்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேசினாள். “ஏனுங்க, அப்பறம் அந்தப் படத்த எப்பப் போடுவீங்க?”

“பொழுதோட, சாயங்காலமாப் போட்டுக்கலாம் புள்ள.”

“பொழுதோடயும் லேத்து ஓடுமில்லீங்க?”

பதில் சொல்ல நேரமில்லை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். அது வேறு யாருக்கோ சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரைதாள் சுருண்டு அலமாரி மேலே போனது. ஒரு வருடம் ஓடியது. மச்சானின் மோட்டார் இன்னும் இரண்டு முறை கருகியது.

பிறகு ஒரு மதியம் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது. பக்கத்துப் பெட்ரோல் பங்கிலும் டீசல் இல்லை. அவசரமாகக் கொடுக்க வேண்டியதையெல்லாம் முதல் நாளே கொடுத்து முடித்திருந்தோம். டர்னர் பழையபடி மரத்தடிக்குப் போனார். என் மனைவி ஸ்டூல் மேல் ஏறி வரைதாளை இறக்கி, தூசி தட்டி, மேஜையில் விரித்தாள். சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் இரும்புத் துண்டு வைத்தாள்.

“ரெண்டு மணி நேரம் இருக்குதுங்க. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பென்சிலைச் சீவினேன். நான் போட்ட கோடுகள்தான். ஆனாலும் எங்கே விட்டேன் என்று பிடிபடவில்லை. காதுக்குள் சத்தம் இல்லாதது என்னவோ போலிருந்தது. கால் ஆடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது, எழுந்து கேனை எடுத்து ஸ்கூட்டரில் மாட்டினேன்.

“எங்கீங்க?”

“சிங்காநல்லூர்ல டீசல் இருக்குதான்னு பாத்துப்போட்டு வாரேன்.”

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள், தடுக்கவில்லை. மூன்று பங்குகள் அலைந்து, கேனை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது மணி நாலேகால். கரண்ட் வந்து லேத் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை மேல் ஒன்றுமில்லை.

“கெடச்சுதுங்களா?” என்று கேட்டாள்.

“கெடச்சுது.”

அதற்குப் பிறகு அவள் படத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. அந்தப் பம்பை நான் செய்யவும் இல்லை. தலைக்கு மேல் வேலை, அதனால் முடியவில்லை என்றுதான் மச்சானிடம் கடைசிவரை சொல்லி வந்தேன். அன்று மதியம் எனக்கு ஒரு வேலையும் இல்லை.